பிள்ளைக்குக் கட்டிய துணி

அக்டோபர் 11, வெள்ளி

மரத்தடியில் இருந்தவர்கள்: நான், இவர், மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியான சிங்கானோ, அவன் பெண்டாட்டி ஹலீமா, குருவி ஆராய்ச்சி செய்யும் நீமா டாக்டர், அவரோடு வந்த காட்டிலாகா அதிகாரி. வேறு யாரும் இல்லை.

தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அந்த மரம் நிற்கிறது. உடம்பெல்லாம் பாசி. கிளைகளில் நரைத்த தாடி மாதிரி இன்னொரு பாசி தொங்குகிறது. நீமா டாக்டர் பைனாகுலரைக் கழற்றி முதலில் என்னிடம்தான் கொடுத்தார். வெகு நேரம் பாசிதான் தெரிந்தது. பிறகு ஒரு பாசிக்கொத்துக்குள்ளிருந்து குருவி தலையை நீட்டியது. கறுத்த முதுகு, மஞ்சள் வயிறு. வள்ளியூரில் எங்கள் கிணற்றுக்கு மேலே தொங்குகிற தூக்கணாங்குருவிக் கூடு மாதிரியேதான். ஆனால் இது புல்லால் பின்னியதல்ல. அந்தத் தாடியையே கிழித்துக் கிழித்துப் பின்னியிருக்கிறது.

நம் ஊர்க் குருவி கூட்டமாக, ஆள் நடமாட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இது தனி ஜோடியாகக் காட்டுக்குள் உச்சிக்கிளையில் மட்டும் இருக்குமாம். எங்கள் எஸ்டேட் இருக்கிற இந்த உசம்பரா மலையை விட்டால் இன்னும் ஒன்றிரண்டு மலைகளில்தான் உண்டாம். "இத்தனை வருஷத்தில் இதன் கூட்டை நான் கையால் தொட்டதில்லை" என்றார் டாக்டர். "குஞ்சு பறந்த பிறகு ஏறி எடுப்பேன்."

ஹலீமா என்னிடம், "கூடு கட்டுறது ஆம்பளக் குருவியாம் மாமா. பொம்பள வந்து பாத்துட்டு, பிடிச்சாத்தான் குடியிருப்பாளாம்" என்றாள். இங்கே வீட்டு அம்மாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் என் அடுக்களையில் வேலைக்கு வந்து, என் ஊர்த் தமிழை என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறாள். நானும் அவளிடம்தான் சுவாஹிலி படித்தேன்.

சிங்கானோ விடவில்லை. "நானும் வீடு கட்டிக் கொடுத்தேன். இவ இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்கா."

"கூரை ஒழுகுதுல்லா" என்றாள் ஹலீமா. எல்லோரும் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை.

அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்: குஞ்சு பறக்கும்வரை அந்த மரத்துப் பக்கம் ரம்பம் வரக்கூடாது. டாக்டர் அதற்கு மேலும் சொன்னார். அந்தக் காட்டுத் துண்டையே எஸ்டேட் தொடாமல் விடவேண்டும் என்று எழுதப்போகிறாராம்.

இரவு இவர் சாப்பிடவில்லை. ரசம் மீதி.

அக்டோபர் 13, ஞாயிறு

துணி காயவில்லை. மூடுபனி. அரிசியில் வண்டு. புடைத்து வெயில் வரும்வரை மூடி வைத்தேன். துவரம்பருப்பு அடுத்த லாரி வரும்வரை தாங்கும்.

கம்பெனியிலிருந்து இவருக்கு போன். இவர் எஸ்டேட் மேனேஜர், ஆனால் போனில் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுகிறார். பழைய விறகு தீர்ந்துகொண்டிருக்கிறது. புது யூகலிப்டஸ் தோட்டம் அந்தக் குருவி மரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்த மரத்தை எடுத்தால்தான் லாரிக்கு வழி. விறகு வராவிட்டால் ஃபாக்டரி அடுப்பு எரியாது, இலை காயாது. இவருடைய கான்ட்ராக்டும் இந்த வருஷத்தோடு முடிகிறது. "ஒரு குருவிக்காவா ஃபாக்டரிய மூடச் சொல்லுதாவ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

ஊரிலிருந்து மகள் பொன்னுத்தாய் பேசினாள். ஐந்தாம் மாதம். விட்டு விட்டு வலிக்கிறதாம், கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். முன்னால் இரண்டும் ஐந்தாம் மாதத்தில்தான் போயின. "அம்மா, நீ அங்கன இருந்து என்ன செய்வ? சாமி கும்பிடு" என்றாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடியற்காலை கனவில், பிள்ளையை இடுப்பில் வைத்து நிற்கிற எங்கள் ஊர் இசக்கியம்மை வந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லை. கை மட்டும் பிள்ளையை வைத்திருப்பது போல வளைந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து அழுதேன்.

ஊராக இருந்தால் கோயில் ஆலமரத்தில் தொட்டில் கட்டியிருப்பேன். சிவப்புத் துணியில் ஒரு கல்லைப் பிள்ளை மாதிரி வைத்து முடிந்து, நல்லபடியாகப் பெற்றதும் வந்து அவிழ்ப்பதாக நேர்ந்துகொள்வது வழக்கம். இங்கே எந்த மரத்தில் கட்ட? இவரிடம் சொல்லிக்கொண்டேதான் காபி ஆற்றினேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. நேர்ச்சை என்றாலே, "ஒனக்கு வேற சோலி இல்ல" என்பவர்.

இன்று, "அந்தக் குருவி மரத்துலயே கட்டேன்" என்றார். "அதுவும் தொட்டில் மாதிரிதான தொங்குது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அம்மைதான் இவர் வாயில் வந்து பேசினாள்.

அக்டோபர் 18, வெள்ளி

தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு போனோம். என்னிடம் ஒரு சிவப்பு ரவிக்கைத் துணி இருந்தது. ஹலீமா நேற்றே அலசிக் காயப்போட்டிருந்தாள். "அது பத்தாது, சாயம் போயிரும்" என்று இவர் ஸ்டோரிலிருந்து ஒரு நீளத் துணி கொண்டுவந்தார். நல்ல சிவப்பு, கெட்டித் துணி. இரண்டையும் சேர்த்தே முடிந்தேன். ஓடைக் கல் ஒன்று வைத்தேன். மஞ்சள் தடவினேன்.

கிளை எனக்கு எட்டவில்லை. "கெளைல வேண்டாம், காத்துக்கு அவுந்துரும். தூருலயே சுத்திக் கட்டுவோம்" என்று இவரே வாங்கி, மரத்தைச் சுற்றி மார்பு உயரத்தில் இறுக்கிக் கட்டினார். கல் ஒரு ஓரத்தில் முடிச்சுக்குள் புடைத்துக்கொண்டு நின்றது. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் நேர்ச்சைக்கு இவர் முடிச்சுப் போட்டது இதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது பாதை வழுக்குகிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலே குஞ்சுச் சத்தம் கேட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

பொன்னுத்தாய்க்கு வலி நின்றுவிட்டதாம். அம்மை கண் திறந்துவிட்டாள். எலுமிச்சை ஊறுகாய் போட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

சாயங்காலம் சிங்கானோ பின்வாசலுக்கு வந்தான். நான் அடுக்களையில் இருந்தேன். பேசியது காதில் விழுந்தது. சுவாஹிலியில்தான் பேசினார்கள். இவரை அவன் ப்வானா, அதாவது ஐயா என்றுதான் கூப்பிடுவான்.

"ப்வானா, குருவி மரத்துல துணி கட்டியிருக்கு."

"பாத்தியா?"

"பாத்தேன். அந்த டாக்டரம்மா வேண்டாம்னு சொன்னாங்களே? அதான் கேட்டுக்கிட்டுப் போலாம்னு."

"துணி இருக்குல்லா?"

"இருக்கு."

"துணி கட்டுன மரத்துக்கு என்னைக்காவது எங்கிட்ட வந்து கேட்டிருக்கியா நீ?"

"இல்ல, ப்வானா."

"பெறகு?"

அவன் செருப்பில் ஒட்டிய சேற்றைப் படியில் தேய்த்தான். "சரி, ப்வானா" என்று போய்விட்டான்.

எந்தத் துணியைச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. வெட்டுகிற பக்கம் நான் போனதில்லை. அங்கே என்ன வழக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தோசை மாவில் உப்பை இரண்டாவது தடவையும் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 23, புதன்

காலையிலிருந்து ரம்பச் சத்தம். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பித்தளை விளக்கெல்லாம் தேய்த்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

போய்ப் பார்த்தேன்.

அவ்வளவு பெரிய மரம் படுத்துக்கிடந்தால் அது இருந்த இடம் எது என்றே தெரிவதில்லை. வானம் அதிகமாக இருந்தது. நீமா டாக்டர் கிளைகளுக்கு நடுவில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் கூடு இருந்தது. ஒரு பக்கம் நசுங்கி, ஈரப் பஞ்சு மாதிரி. உள்ளே ஒரு குஞ்சு செத்திருந்தது. இன்னொன்றின் வயிறு ஏறி இறங்கிற்று. மேலே மரமே இல்லாத இடத்தில் தாய்க்குருவி வட்டம் போட்டுக்கொண்டே கத்தியது.

அதிகாரி இவரைக் கேட்டார். "நான் வெட்டச் சொல்லல" என்றார் இவர். "என் வாயால அப்படி ஒரு வார்த்தை வந்துச்சான்னு அவனையே கேளுங்க."

சிங்கானோ நிமிர்ந்து பார்த்துப் பேசினான். "வாயால சொல்ல மாட்டாங்க ஐயா. இந்த எஸ்டேட்ல காகிதம் கிடையாது. எந்த மரத்தை வெட்டணுமோ அதுல ப்வானா சிவப்புத் துணி கட்டுவாரு. துணி இருந்தா வெட்டுவோம், இல்லாட்டி தொட மாட்டோம். இந்த மரத்துல துணி இருந்துச்சு."

"எங்கே அந்தத் துணி?"

தேடினார்கள். அடிமரத்தில் இல்லை. தூக்கிப்போட்ட பட்டைகளுக்கு அடியிலும் இல்லை. கூட வெட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"என் கண்ணால பாத்தேன்" என்றான் சிங்கானோ. "முடிச்சுல ஒரு கல்லுகூட இருந்துச்சு."

"கல்லா? எதுக்குக் கல்லு?" என்று அதிகாரி கேட்டார். சிங்கானோவுக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

உயிரோடிருந்த குஞ்சை டாக்டர் என்னிடம் கொடுத்தார். வீட்டில் சூடு காட்ட முடியுமா என்று கேட்டார். முந்தானையில் வைத்துக்கொண்டு வந்தேன். குளிக்கிற வெந்நீர் அடுப்பில் கெட்டித் துணி கருகிய வாடை வந்தது. இவர் அடுப்புப் பக்கம் போகிறவரே அல்ல.

அக்டோபர் 25, வெள்ளி

சிங்கானோவைப் போலீஸ் வந்து அடிவாரத்து டவுனுக்குக் கூட்டிப்போனது. பாதுகாக்கச் சொன்ன மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டி விற்கப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறார்களாம். இவர்தான் சாட்சி.

குஞ்சுக்கு எறும்பு முட்டை கொடுத்துப் பார்த்தேன். விழுங்கவில்லை.

அக்டோபர் 26, சனி

குஞ்சு இறந்தது. ஹலீமா கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் குழி தோண்டினாள். நான்தான் வைத்தேன். அவள் மண்ணைத் தள்ளும்போது, "அடுப்புச் சாம்பல இந்தச் செடிக்கிப் போடட்டா மாமா?" என்றாள். "அந்தச் சாம்பல்ல ஒரு கல்லு கெடந்துச்சு. எடுத்து வச்சிருக்கேன்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எண்ணெய்க்குளி, இட்லி, உளுந்தவடை, அதிரசம். அதிரசம் விண்டு போயிற்று. பொன்னுத்தாயிடம் பேசினேன், நன்றாக இருக்கிறாள். அவள் மாமியாரும் என்னிடம் நன்றாகப் பேசினாள். குருவி மரத்தில் நேர்ந்த தொட்டில் எப்படி இருக்கிறது என்று பொன்னுத்தாய் கேட்டாள். லைன் விட்டுவிட்டது போல, "கேக்கல, கேக்கல" என்றேன்.

ஹலீமா வேலைக்கு வந்தாள். நீ ஏன் வந்தாய் என்றால், "வீட்ல இருந்து யார் மூஞ்சப் பாக்க?" என்கிறாள். மாவு ஆட்டினாள். முன்பெல்லாம் ஆட்டும்போது பாடுவாள். டவுனில் அவனைப் பார்க்கப் போயிருந்தாளாம். இருமலாம். சிமெண்டுத் தரையாம். "அவரு எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டாரு மாமா. கனா ஏதும் கண்டுட்டனா ஹலீமா, நெசமாவே துணி இருந்துச்சான்னு. அவருக்கே இப்பச் சந்தேகம் வந்துட்டு."

அதிரசத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருந்திருக்கலாம்.

நவம்பர் 3, ஞாயிறு

லாரி போக வழி போட்டுவிட்டார்கள். நாளெல்லாம் மண் அள்ளுகிற சத்தம். கூடு இல்லாததால் தடையும் இல்லையாம். இவருக்கு கான்ட்ராக்ட் புதுப்பித்து வந்துவிட்டது. பாயசம் வை என்றார். வைத்தேன்.

அவர் பாதி டம்ளர் குடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன். "ஏங்க, செவப்புத் துணின்னா வெட்டுன்னு அர்த்தமாமே?"

"யாரு சொன்னா?"

"சிங்கானோதான் சொன்னான். எல்லாரும் இருக்கும்போது."

"அவன் என்னமும் சொல்லுவான்."

"ஒங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சுதான ஸ்டோர்ல இருந்து துணி எடுத்தாந்திய?"

டம்ளரைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ஏட்டி பேச்சி, மரத்துல கட்டணும்னு யாரு சொன்னா? நீயா, நானா?"

"நான் பிள்ளைக்கிக் கட்டினேன்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். நீ பிள்ளைக்கிக் கட்டின. நான் வெட்டச் சொல்லல. அவன் வெட்டிட்டான். இதுல நான் எங்க வந்தேன்?"

"அவன் வந்து கேட்டானே. நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?"

"நீ உள்ளதான இருந்த?" என்றார். "நீ சொல்லியிருக்கலாம்லா?"

அவர் மீதிப் பாயசத்தைக் குடித்தார். "நாளைக்கி இத வெளிய சொன்னன்னு வையி. கம்பெனிக்காரன் பெர்மிட்ட கேன்சல் பண்ணி ரெண்டு பேரையும் பிளேன்ல ஏத்தி விட்டுருவான். ஊருல போயி எதத் தின்னுவ? மக கட்டிலோட கெடக்கா, ஒரு அதிர்ச்சியத் தாங்குவாளா? அவன் இந்த ஊருக்காரன், ஆறு மாசத்துல வெளிய வந்துருவான். ஒனக்கு நம்ம பிள்ள பெருசா, அவன் பெருசா?"

என் பாஸ்போர்ட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் தன் ஆபீஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைப் பூணூல் மாதிரி கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு தூங்கினார்.

நவம்பர் 5, செவ்வாய்

விளக்கு ஏற்றினேன். அம்மை முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அவள் பிள்ளைக்காக நீதி கேட்டவள். அவளிடம் போய் என் பிள்ளையை மட்டும் காப்பாற்று என்று எந்த வாயால் கேட்பது?

ரவை முடிந்துவிட்டது. கோதுமையை உடைத்து உப்புமா.

நவம்பர் 7, வியாழன்

சிங்கானோ இருந்த எஸ்டேட் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி வேலை இல்லை என்றால் வீடும் இல்லை. ஹலீமாவின் பானைகள், கட்டில், ஒரு ஆடு எல்லாம் பாதையோரத்தில் மழையில் இருந்தன. நான் குடை எடுத்துக்கொண்டு போனேன். குடையை அவளுக்குப் பிடித்தேனா எனக்குப் பிடித்தேனா தெரியவில்லை, இரண்டு பேரும் நனைந்தோம்.

"எங்கிட்டப் பேசு ஹலீமா. நாலு வார்த்த ஏசிப்போடு" என்றேன்.

"ஏசி என்ன செய்ய மாமா?" பானைக்குள் விழுந்த தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினாள். "அந்த ரவிக்கத் துணிய நான்தான அலசினேன். காயப்போட்டது நான். பெறகு மரத்துல பாத்தது அவரு. சாம்பல்ல இருந்து கல்ல எடுத்தது நான். வேலைக்காரி சொன்னா யாரு நம்புவா? புருசனக் காப்பாத்தப் பொய் சொல்லுதான்னுவாங்க. நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னுதான் தினமும் வந்து மாவாட்டினேன்."

"எனக்கு மக இருக்கா ஹலீமா."

"எனக்கு மூணு இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எவ்வளவு என்று கேட்டால் சொல்வாளே, அந்த மாதிரி. பிறகு ஆட்டை இழுத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

நவம்பர் 8, வெள்ளி

கும்பிடவில்லை. எழுத உட்கார்ந்தேன். சுவாஹிலி எனக்குப் பேச்சுதான் வரும். ரொட்டி உறையிலும் சோப்பு உறையிலும் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றது போதும் என்று நம்பி எழுதினேன். ஹலீமாவின் அண்ணன் வீட்டுக்கு நானே நடந்து போய் அவள் கையில் கொடுத்தேன். மத்தியான பஸ்ஸில் அவள் நீமா டாக்டரிடம் போகிறாள். எழுதியதைத் தமிழில் இங்கே வைக்கிறேன்.

டாக்டர் அம்மாவுக்கு,

என் பெயர் பேச்சியம்மாள். எஸ்டேட் மேனேஜர் மனைவி. நீங்கள் குஞ்சைக் கொடுத்தது என்னிடம். அது பிழைக்கவில்லை.

குருவி மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது உண்மை. சிங்கானோ பொய் சொல்லவில்லை, கனவும் காணவில்லை. என் மகளின் பிள்ளைக்காக எங்கள் சாமிக்கு நேர்ந்து கட்டிய துணி அது. கல் எங்கள் வழக்கம், அது பிள்ளைக்கு அடையாளம். ஸ்டோர்த் துணியைக் கொண்டுவந்ததும், இந்த மரத்தைச் சொன்னதும், வெட்டுக்குக் கட்டுகிற மாதிரி தூரில் சுற்றி முடிச்சுப் போட்டதும் என் கணவர். வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் சிங்கானோ வந்து கேட்டான். என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் உள்ளே இருந்து கேட்டேன். எனக்கு விளங்கிற்று. நானும் சொல்லவில்லை. துணியை வீட்டு அடுப்பில் எரித்துவிட்டார். கல் ஹலீமாவிடம் இருக்கிறது.

என் மகளுக்கு இன்று காலை நானே போனில் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு, போய்ச் சொல்லும்மா என்றாள்.

பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. அது இல்லாமல் சாட்சி சொல்ல விடுவார்களா என்று தெரியவில்லை. போலீஸுக்கு வரவேண்டுமா, கோர்ட்டுக்கு வரவேண்டுமா என்பதும் தெரியவில்லை. சிங்கானோவுக்கு இருமல் அதிகமாக இருக்கிறது. நான் எந்த இடத்துக்கு, என்றைக்கு வரவேண்டும் என்று ஹலீமாவிடமே சொல்லி அனுப்புங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் வேண்டும்.